உன் உழைப்பை எழுது! ஜாதியை அல்ல!

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள டைப் அடிக்கும் கடைகளுக்கு ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். 108 ஆம்புலன்சுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்த மறுநாளாக இருந்தால் இன்னும் நல்லது. கீரனூரிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் ஆவுடையார்கோவிலிலிருந்தும் வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மார்க் ஷீட், நர்சிங் சர்டிபிகேட், டிரைவிங் லைசென்ஸ். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு 'பயோடேட்டா' தயாராக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்!

தகப்பனார் பெயர், மதம், ஜாதி, திருமணம் ஆனவரா இல்லையா என்பதெல்லாம் அரைப் பக்கம். அடியில் இங்கிலீஷில் நாலு வரி: கடினமாக உழைப்பேன், நேரம் தவற மாட்டேன், நேர்மையானவன். பிறகு கையெழுத்து. நூறு பேருக்கும் அதே நாலு வரிதான்.

இந்தக் காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. ஓடுகிற வண்டிக்குள் மூச்சுக்குத் திணறும் ஒரு மனிதனை இந்தக் கைகள் காப்பாற்றுமா என்பதற்குச் சாட்சி இல்லை!

'இது ஒரு பெரிய விஷயமா? வேலை கிடைத்தால் சரி' என்று சிலர் சொல்லலாம். பெரிய விஷயம்தான் என்று நாம் சொல்கிறோம். தொழிலாளி தன் உழைப்பைத் தானே எழுதி வைக்காத இடத்தில், முதலாளி அதை இல்லையென்று சொல்லிவிடுகிறான். பத்து வருஷம் ராத்திரியும் பகலும் ஓடியவனும், நேற்று உள்ளே வந்தவனும் ஒரே தராசில் ஒரே எடை! இந்த அநியாயம் அந்தக் காகிதத்திலிருந்தே ஆரம்பமாகிறது.

ஜாதி வரி எதற்கு?

முதலில் ஜாதியை எடுத்துக்கொள்வோம். இதில் குழப்பம் வேண்டாம். சர்க்கார் உத்தியோகத்தில், இட ஒதுக்கீடு உள்ள இடத்தில், ஜாதிச் சான்றிதழ் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடிப் பெற்ற உரிமை. அந்தப் படிவம் கேட்கும்போது தயங்காமல் கொடுக்க வேண்டும். ஆனால் இட ஒதுக்கீடே இல்லாத தனியார் ஆஸ்பத்திரிக்கும் காண்ட்ராக்ட் கம்பெனிக்கும் எழுதும் காகிதத்தில், யாரும் கேட்காமலே, நாமே வலியப் போய் ஜாதியை எழுதுகிறோமே, அது எதற்காக? உரிமை தராத இடத்தில் ஜாதியை எழுதினால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்படும். எடுத்துத் தள்ளுவதற்கு!

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் தண்ணீர் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட ஜில்லா இது. இங்கே ஜாதி என்ன செய்யும் என்று யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஜில்லாவில், ஊர்த் தெருவுக்கும் காலனித் தெருவுக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிற வண்டி ஆம்புலன்ஸ். ரத்தம் வழிகிறவன் தன்னைத் தூக்குகிற கையின் ஜாதியைக் கேட்பதில்லை. ஆகவே அந்தக் கைக்குரியவனும் தன் பயோடேட்டாவில் ஜாதி வரியை அடித்துவிட வேண்டும்.

'திருமணம் ஆனவரா?' என்ற வரியும் அப்படித்தான். இது பெண் பிள்ளைகளுக்குப் போட்ட கண்ணி. ஆனவள் என்றால் 'பிள்ளை பெற லீவு கேட்பாள்'. ஆகாதவள் என்றால் 'நாளை கட்டிக்கொண்டு போய்விடுவாள்'. இரண்டு பக்கமும் கூர்! 1991-ல் இதே ஜில்லாவில் அறிவொளி இயக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள். கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக நின்றார். கேலி பேசியவர்கள் ஏராளம். சைக்கிள் நிற்கவில்லை. அந்தத் தாய்மார்களின் மகள்களும் பேத்திகளும் இன்று ஆம்புலன்ஸ் வேலைக்கு மனுப் போடுகிறார்கள். 'ராத்திரி டூட்டிக்குப் பெண்ணா?' என்று கேட்பவர்கள் அன்றைய கேலிக்காரர்களின் வாரிசுகள். அவர்கள் வசதிக்காக நாம் ஏன் கல்யாண விவரம் எழுத வேண்டும்?

சிபார்சுக் கடிதமும் வேண்டாம். மாவட்டப் பிரமுகரின் கையெழுத்து நாடித்துடிப்பைப் பார்க்காது!

கம்பெனி கேட்பது என்ன?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் துவங்கியது. நடத்த வந்தது ஹைதராபாத்தில் 2005-ல் பிறந்த ஸ்தாபனம். அதை உருவாக்கியவர் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் முதலாளி ராமலிங்க ராஜு. பணம் மக்கள் பணம். நிர்வாகம் தனியார் நிர்வாகம்.

இந்த வேலைக்கு வருஷா வருஷம் வெளியான அறிவிப்புகளைப் பாருங்கள். மருத்துவ உதவியாளர் என்றால் நர்சிங், அல்லது லாப் டெக்னீஷியன் படிப்பு, அல்லது விலங்கியல், தாவரவியல் போன்ற பட்டம். வயது 19-லிருந்து 30-க்குள். டிரைவர் என்றால் பத்தாம் வகுப்பு, வயது 24-லிருந்து 35-க்குள், லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம், பாட்ஜ் எடுத்து ஒரு வருஷம், உயரம் 162.5 சென்டிமீட்டர்! வேலை 12 மணி நேர ஷிப்ட். தமிழ்நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள்.

உயரத்தை அரை சென்டிமீட்டர் வரை அளக்கிறார்கள். உழைப்பை அளக்க மட்டும் ஒரு கோல் இல்லை! முப்பது வயதுக்கு மேல் அனுபவத்தோடு வருகிறவனுக்கு வாசல் அடைப்பு. அவசர வேலையில் அனுபவம் ஏற ஏறக் கை உறுதிப்படும். ஆனால் காண்ட்ராக்ட் முறைக்கு அனுபவம் ஒரு பாரம். ஏனென்றால் அனுபவசாலி சம்பள உயர்வு கேட்பான்.

அதனால்தான் சொல்கிறோம்: அவர்கள் கேட்கவில்லை என்பதற்காக நீ எழுதாமல் இருக்காதே!

என்ன எழுத வேண்டும்?

வெறும் ஆத்திரத்தால் மட்டும் காரியம் ஆகாது. ஆகவே விஷயத்துக்கு வருவோம்.

ஒன்று: உன் தொழிலின் பெயரைச் சரியாக எழுது. 'ஆம்புலன்ஸ் பையன்' என்று ஊர் கூப்பிடலாம். ஆனால் 2021-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய தேசியக் கமிஷன் சட்டத்தின் அட்டவணையில், அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் என்ற தொழில் இடம்பெற்றிருக்கிறது. சட்டம் ஒரு தொழிலுக்குப் பெயர் வைத்துவிட்டால், அடுத்து பதிவேடு வரும். பதிவேட்டில் யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி வரும். அன்றைக்குக் கையில் காகிதம் இல்லாதவன் வெளியே நிற்பான்.

இரண்டு: சர்டிபிகேட்டுகளைத் தேதியோடு எழுது. நர்சிங் படித்தவர்களானால் கவுன்சில் பதிவு எண் அவசியம். இதயமும் மூச்சும் நின்றவருக்குச் செய்யும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்கு அமெரிக்க இதயச் சங்கத்தின் முறையில் தரும் சர்டிபிகேட் இரண்டே வருஷத்துக்குத்தான் செல்லும். தேதி இல்லாமல் எழுதினால் காலாவதியான சீட்டாகவே எண்ணுவார்கள். டிரைவர் தோழர்கள் லைசென்ஸ் தேதியையும் பாட்ஜ் தேதியையும் தனித்தனியாக எழுத வேண்டும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டிக்கு இலகுரக லைசென்சே போதும் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இருந்தாலும் அறிவிப்பு பாட்ஜ் கேட்கும்வரை, இருப்பதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்று, இதுதான் முக்கியம்: கை செய்த வேலையை எழுது. 'ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம்' என்று எழுதினால் அதில் ஒன்றுமில்லை. எந்த வார்டு? ராத்திரி டூட்டியா? ஆக்ஸிஜன் வைத்தாயா? ஊசி போட நரம்பு பிடித்தாயா? பிரசவத்துக்கு உதவினாயா? எலும்பு முறிந்த காலுக்கு அட்டை கட்டினாயா? வருகிறவர்களில் யாருக்கு முதல் கவனிப்பு என்று பிரித்து நின்றாயா? எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணி? இவற்றை எழுது.

நம் ஜில்லாவின் வேலைக்கு நம் ஜில்லாவே பள்ளிக்கூடம். வயலில் பாம்பு கடித்தவனைக் கயிறு கட்டாமல், கடித்த இடத்தைக் கீறாமல், கை கால் அசையாமல் படுக்க வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தது ஒரு தகுதி. பூச்சிமருந்து குடித்தவன் வாந்தியில் மூச்சு அடைத்துப் போகாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தது ஒரு தகுதி. 2019 ஜனவரி 20-ல் விராலிமலையில் 1,300-க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன. இருவர் மாண்டார்கள், பலர் குத்துப்பட்டார்கள். அதுபோன்ற வாடிவாசல்களில் மருத்துவ முகாமில் நின்றிருந்தால், அதையும் எழுது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டபோது நோயாளியைத் தோளில் தூக்கி வண்டி நிற்கும் இடம்வரை சேர்த்தவன் நீ என்றால், அதைவிடப் பெரிய நற்சாட்சி எந்தப் பிரமுகர் தர முடியும்? 2020-லும் 2021-லும் கொரோனா வார்டில் நின்றவர்கள் மாதங்களைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

பாதை தெரிவதும் தகுதிதான். மணமேல்குடியிலிருந்து கோட்டைப்பட்டினம் வரை கரையோரம், கந்தர்வகோட்டையின் முந்திரிக்காட்டு வழிகள், பொன்னமராவதிப் பக்கத்துக் குடியிருப்புகள் எல்லாம் டெலிபோன் படத்தில் சரியாகத் தெரிவதில்லை. 'எந்தெந்த வட்டாரத்தின் பாதைகள் எனக்குத் தெரியும்' என்று டிரைவர் எழுதும் ஒரு வரி, நாலு இங்கிலீஷ் வரிகளைவிட மேலானது.

நாலு: நோயாளியின் பெயரையும் ஊரையும் படத்தையும் ஒருபோதும் சேர்க்காதே. விபத்தில் கிடந்தவனோடு எடுத்த போட்டோவைக் காட்டி வேலை தேடுவது இழிவு. அவன் துன்பம் உன் விளம்பரமல்ல.

பொய் எழுதலாமா?

'எல்லோரும் பொய்தான் எழுதுகிறார்கள். மூன்று வருஷ அனுபவம் என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிவிடு' என்று போதிக்கும் புத்திசாலிகளும் ஊரில் உண்டு. இதைத் திட்டவட்டமாக எதிர்க்கிறோம். குமாஸ்தா வேலையில் பொய் சொன்னால் கணக்கு தப்பும். இந்த வேலையில் பொய் சொன்னால் ஆள் சாவான்! அதுவும் பங்களாக்காரன் அல்ல. அவனுக்குச் சொந்தக் கார் இருக்கிறது. 108-க்குக் காத்திருப்பவள் விவசாயக் கூலியின் மனைவி, கல்குவாரித் தொழிலாளி, மீன்பிடிக்கப் போனவனின் தாய். உன் பொய்க்கு உன் வர்க்கம்தான் உயிரை விலையாகத் தர வேண்டும்.

இதில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து அரபு நாடுகளுக்குப் போன குடும்பங்கள் அநேகம். துபாய், கத்தார், சவூதி போன்ற நாடுகளில் மருத்துவ வேலைக்கு மனுச் செய்தால், டேட்டாஃப்ளோ என்ற கம்பெனி நீ காட்டும் ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் அதைக் கொடுத்த இடத்துக்கே அனுப்பி விசாரிக்கும். பொய் அங்கே பிடிபட்டால் அந்த வேலை போவதோடு நிற்காது. வளைகுடாவின் கதவே மூடிக்கொள்ளும். வீட்டை அடகு வைத்து ஏஜண்டுக்குக் கொடுத்த பணமும் போகும்.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள்! தொழிலாளிக்கு நேர்மையை உபதேசிக்கிறவர்கள் யார்? 108 ஸ்தாபனத்தை உருவாக்கிய அதே ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7-ல், தம்முடைய சத்யம் கம்பெனியின் கணக்கில் சுமார் 7,000 கோடி ரூபாய் பொய் என்று தாமே எழுதிக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் ஸ்தாபனத்தின் கணக்கல்ல, கம்ப்யூட்டர் கம்பெனியின் கணக்கு. அது உண்மை. ஆனாலும் இந்திய வரலாற்றின் மிகப் பெரிய பொய் பயோடேட்டாக்களில் ஒன்றை எழுதியது டைப் கடை வாசலில் நின்ற கீரனூர்ப் பையனா, கோடீஸ்வரனா? பின்னர் ஜி.வி.கே. கம்பெனி வந்தது; பலகையின் பெயர் மாறியது. அத்தனை கொந்தளிப்பிலும் ஒரு நாளாவது வண்டி நின்றதா? ஓட்டியவர்கள் தொழிலாளிகள்!

சாட்சி யார் கையில்?

'செய்ததை எழுதச் சொல்கிறீர்கள், அத்தாட்சி கேட்டால் எங்கே போவது?' என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சின்ன நர்சிங் ஹோம்களில் நியமன உத்தரவே தருவதில்லை. வேலையை விட்டால் அனுபவச் சான்றிதழ் தருவதில்லை. 'சொல்லாமல் போனாயே' என்று மாதக்கணக்கில் அலைய விடுவார்கள். சான்றிதழை மறைப்பது சம்பளத்தை மறைப்பதற்குச் சமமான திருட்டு.

ஆகவே முதல் நாளிலிருந்தே எச்சரிக்கையாக இரு. நியமன உத்தரவு, அடையாள அட்டை, பயிற்சிச் சான்று, சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள். பிராவிடண்ட் பண்டு பிடிக்கிறார்கள் என்றால், உன் எண்ணில் உள்ள கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார். எந்த முதலாளி எந்த மாதம் பணம் கட்டினான் என்று மாதவாரியாக அதில் இருக்கிறது. முதலாளி வாயை மூடிக்கொண்டாலும் அந்தப் புத்தகம் பேசும்! அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, டூட்டி முடிந்ததும் தேதி, ஷிப்ட், செய்த வேலை ஆகியவற்றை எழுது. நோயாளி பெயர் வேண்டாம். வருஷக் கடைசியில் அந்த நோட்டுத்தான் உன் பயோடேட்டா. கூலியைக் கணக்குப் பார்க்கிற நாம் உழைப்பையும் கணக்குப் பார்க்கப் பழக வேண்டும்.

யூனியன் பொறுப்பை எழுதலாமா?

இதுவும் தோழர்கள் கேட்கும் கேள்விதான். யூனியனில் சேருவது அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் உரிமை. உரிமை வேறு, தகுதி வேறு. ஓட்டுப் போட்டேன் என்று யாரும் பயோடேட்டாவில் எழுதுவதில்லை. ஆகவே சந்தா கட்டியதை எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதாதது கோழைத்தனமும் அல்ல. ஆனால் சங்கத்தின் மூலம் ரத்ததான முகாம் நடத்தினாய், புயல் நிவாரணத்தில் மருந்து வண்டி ஓட்டினாய் என்றால் அது வேலை. வேலையை வேலையாக எழுது. அதைப் பார்த்து முகம் சுளிக்கிற முதலாளி, உன்னிடம் வேலைக்காரனைத் தேடவில்லை, அடிமையைத் தேடுகிறான்.

அவர்கள் பயோடேட்டா எங்கே?

நாம் இவ்வளவும் எழுதிக் கொடுக்கத் தயார். ஆனால் பரிசீலனை ஒரு பக்கத்தோடு நின்றுவிடுமா? வேலை கொடுக்கிறவன் தன் பயோடேட்டாவைக் காட்ட வேண்டாமா? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, 12 மணி நேர ஷிப்டுக்கு மிகைநேரச் சம்பளம் உண்டா, வார லீவு உண்டா, ராத்திரி டூட்டி முடித்த பெண் ஊழியர் தங்க அறையும் கக்கூசும் உண்டா, நோயாளியிடமிருந்து தொற்று வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எத்தனை வருஷத்தில் நிரந்தரம்? இந்தக் கேள்விகளுக்கு அறிவிப்பில் நேரான பதில் இருக்கட்டும்!

சிகாகோ தொழிலாளர் 8 மணி நேர வேலைக்காக 1886-ல் ரத்தம் சிந்தினார்கள். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடினார். அதன் நூறாவது ஆண்டும் கடந்துவிட்டது. உயிர் காக்கும் தொழிலாளிக்கு இன்னும் 12 மணி ஷிப்ட்! 108 ஊழியர்கள் 8 மணி நேர வேலையும் போனசும் கேட்டுப் போராடியபோதெல்லாம் 'அத்தியாவசியச் சேவை' என்று அவர்கள் வாயை அடைக்கப் பார்த்தார்கள். சேவை அத்தியாவசியமாம், சேவகன் மட்டும் தற்காலிகமாம்! பதினோராவது மணியில் கண் சொருகுகிற டிரைவரின் வண்டியில், திருச்சி சாலையில் போகிறவன் நம் சகோதரன்தான்.

சர்க்கார் தன் பணத்தில் ஓடும் வண்டியைத் தன் பொறுப்பிலேயே எடுக்க வேண்டும். அனுபவத்துக்கு ஏற்ற சம்பளப் படியும், விலகுகிற ஒவ்வொருவருக்கும் ஏழு நாளில் அனுபவச் சான்றிதழும், வயது உச்சவரம்பில் அனுபவசாலிகளுக்குத் தளர்வும் வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

அதுவரை, டைப் கடை வாசலில் நிற்கும் தம்பி, தங்கைகளே! அந்த ஆயத்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு வெள்ளைத் தாள் கேளுங்கள். உங்கள் பெயர், உங்கள் படிப்பு, அதற்குக் கீழே உங்கள் கைகள் செய்த வேலை. வேறு ஒன்றும் வேண்டாம். அதைத் தலைநிமிர்ந்து நீட்டுங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம், 'உங்களுடையது எங்கே?' என்று கேட்கும் காலத்தை எல்லோரும் சேர்ந்து கொண்டுவருவோம்!